எந்த மொழியில் வகுப்பு நடந்தது?

வேதாகமக் கல்லூரிகளின் வெள்ளிவிழா மலர்களுக்கென ஓர் அமைப்பு உருவாகிவிட்டது. முதற்பக்கத்தில் நிறுவனரின் படம், அடுத்துப் பேராயர்களின் வாழ்த்துச் செய்திகள். பிறகு வரலாறு தொடங்கும். வாடகை வீட்டின் ஓர் அறையில் சில மாணவர்களோடு ஆரம்பித்த பணி, வாங்கப்பட்ட நிலம், நாட்டப்பட்ட அடிக்கல், எழுந்த கட்டடங்கள், முதல்வர்களின் பட்டியல், இதுவரை பயிற்சி பெற்று அனுப்பப்பட்ட ஊழியர்களின் எண்ணிக்கை. இவை அனைத்தும் தேவையான செய்திகளே. நிறுவன வரலாற்றை எழுத முனையும் ஆய்வாளருக்கு இத்தகைய மலர்களே பல நேரங்களில் முதற்சான்றாகவும் அமைகின்றன. ஆயினும் அவற்றில் பெரும்பாலும் விடை கிடைக்காத கேள்வி ஒன்று உண்டு. அந்த வாடகை அறையில் வகுப்பு எந்த மொழியில் நடந்தது? அந்த மொழியைத் தீர்மானித்தவர் யார்?

பெங்களூரில் இக்கேள்வி கூடுதல் அழுத்தம் பெறுகிறது. நகரின் தெற்கே, ஒசூர் சாலையில், மின்னணு நகரத்துக்கும் பொம்மசந்திராவுக்கும் இடையே ஆனேக்கல் வட்டத்தில் இருக்கிறது ஹெப்பகோடி. கிராமமாக இருந்து தொழிற்பகுதியாக மாறி, இன்று நகராட்சியாகிவிட்ட ஊர். 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் தடத்தில் அதன் பெயரும் ஒரு நிலையத்தின் பெயரில் இடம்பெற்றுள்ளது. கன்னட மண்ணில் அமைந்த ஊர் அது. தமிழக எல்லையோ அதே சாலையில் தொலைவின்றி இருக்கிறது. தமிழும் தெலுங்கும் மலையாளமும் இந்தியும் பேசும் தொழிலாளர்கள் ஒரே ஆலை வாயிலில் ஒன்றாக நுழையும் பகுதி. இப்படிப்பட்ட ஓரிடத்தில் ஒரு திருச்சபை வேதாகமக் கல்லூரியைத் தொடங்குமானால், முதல் நாள் காலையிலேயே அது சந்திக்கும் சிக்கல் மொழிதான். ஆசிரியர் எந்த மொழியில் பேசுவார்? மாணவர் எந்த மொழியில் தேர்வு எழுதுவார்? படித்து முடித்தவர் எந்த மொழி பேசும் சபைக்குத் திரும்புவார்?

இதே சிக்கலை நூறாண்டுகளுக்கு முன்பே சந்தித்த கல்லூரி ஒன்று அதே நகரில், பென்சன் டவுன் மில்லர்ஸ் சாலையில் இருக்கிறது. 1910இல் தோன்றிய ஐக்கிய இறையியல் கல்லூரி அது. அதன் தொடக்கப் பெயர் இன்னும் நீளமானது: தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்குமான ஐக்கிய இறையியல் கல்லூரி. இலண்டன் மிஷன் சங்கம், வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷன் சங்கம், ஸ்காட்லாந்தின் ஐக்கிய சுயாதீனத் திருச்சபை, அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையின் ஆற்காடு மிஷன் ஆகியவற்றோடு யாழ்ப்பாணக் கல்லூரி நிதியின் அறங்காவலர்களும் அதன் நிறுவனர்களாக இருந்தனர். இந்தக் கடைசிப் பெயர்தான் வரலாற்று மாணவரை நிறுத்திவைக்கிறது. யாழ்ப்பாணத்துக் கல்லூரி நிதிக்குப் பெங்களூர்க் கல்லூரியோடு என்ன உறவு? விடை தேட, கதையை 1823க்குக் கொண்டு செல்ல வேண்டும்.

அவ்வாண்டு வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் ஒரு செமினறியைத் தொடங்கினர். டானியல் பூவர் அதன் முதல் தலைவர். கிறித்தவ ஊழியரை உருவாக்குவது நோக்கமென்றாலும், பாடத்திட்டம் அந்த எல்லைக்குள் அடங்கவில்லை. ஆங்கிலமும் தமிழும் கணிதமும் வானியலும் அங்குக் கற்பிக்கப்பட்டன. பழந்தமிழ் ஏடுகளை அச்சேற்றிய சி.வை. தாமோதரம்பிள்ளை அங்குப் படித்தவர். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் முதன்முதலாகப் பட்டம் வழங்கியபோது அதைப் பெற்ற இருவர், அவரும் கறல் விசுவநாதபிள்ளையும்; இருவருமே வட்டுக்கோட்டை மாணவர்கள். பாவலர் சரித்திர தீபகம் எழுதிய ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையும் அங்குப் பயின்றவரே. ஒரு மறைப்பணிப் பயிற்சிக் கூடம் தமிழ்ப் பதிப்பு வரலாற்றுக்கும் தமிழ் இலக்கிய வரலாற்றுக்கும் ஆட்களைத் தந்தது.

அந்த வெற்றியே அதற்கு எதிராகத் திரும்பியது. ஆங்கிலம் கற்ற மாணவர்கள் அரசுப் பணிகளுக்குச் சென்றனர். உபதேசியாராகவும் போதகராகவும் கிராமத்துக்குத் திரும்பியவர்களின் தொகை மிஷன் எதிர்பார்த்த அளவில் இல்லை. அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலர் ரூஃபஸ் ஆண்டர்சன் 1855இல் யாழ்ப்பாணம் வந்தார். உள்ளூர் மக்களுக்கு உள்ளூர் மொழியில், உள்ளூர் ஊழியர்களால் நடத்தப்படும் சபை என்பது அவருடைய கொள்கை. இன்று படித்தாலும் அதில் குறைகாண்பது அரிது. ஆனால் அந்தக் கொள்கையின் பேரில் அவ்வாண்டே வட்டுக்கோட்டைச் செமினறி மூடப்பட்டது.

இங்கே ஒரு முரண் உண்டு. தாய்மொழிக் கல்வியை வலியுறுத்தியவர் பாஸ்டனிலிருந்து வந்தார். ஆங்கிலம் வேண்டும் என்றவர்கள் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். தங்கள் பிள்ளைகளுக்கு எது போதும் என்று கடல் கடந்து வந்த ஒருவர் முடிவெடுத்ததை அவர்கள் ஏற்கவில்லை. உள்ளூர்க் கிறித்தவர்களின் தொடர் முயற்சியால் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. மூடிய கதவை அவர்களே திறந்தார்கள். அக்கல்லூரிக்கெனத் திரட்டப்பட்ட நிதியின் அறங்காவலர்கள்தாம் 1910இல் பெங்களூரில் பங்காளிகளாயினர். ஆகவே மில்லர்ஸ் சாலைக் கல்லூரியின் அடித்தளத்தில் வட்டுக்கோட்டையின் நினைவும் ஒரு கல்லாகக் கிடக்கிறது.

பெங்களூரில் ஆங்கிலம் பயிற்று மொழியானதற்குக் காரணம் வேறு. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசும் மாணவர்களும் இலங்கையிலிருந்து வருவோரும் ஒரே வகுப்பில் அமர வேண்டியிருந்தது. பல மிஷன்கள் தனித்தனியே நடத்த இயலாத உயர்கல்வியைச் சேர்ந்து நடத்துவதே கல்லூரியின் அடிப்படை. எடின்பரோவில் உலக மிஷன் மாநாடு கூடியதும் அதே 1910இல்தான். அங்கு வெள்ளாளன்விளையைச் சேர்ந்த வே.ச. அசரியா, மேலைநாட்டு மிஷனரிகளும் இந்திய ஊழியர்களும் உண்மையான நட்பில் இணைய வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். ஒற்றுமை என்பது அந்தக் காலத்தின் மையச் சொல்லாக இருந்தது. ஒற்றுமைக்குப் பொதுமொழி தேவைப்பட்டது. அந்தப் பொதுமொழியாக ஆங்கிலமே கைக்கெட்டியது.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை இருந்தது. தமிழ்வழி இறையியல் பயிற்சி அப்போது இல்லாமலில்லை. அமெரிக்க மதுரை மிஷன் 1842இல் திருமங்கலத்தில் தொடங்கி 1845இல் பசுமலைக்கு மாற்றிய செமினறி போன்றவை தமிழ்நாட்டில் இயங்கிவந்தன. பெங்களூர்க் கல்லூரி உயர்ந்தபோது, கல்வியில் இரு படிகள் உறுதிப்பட்டன. கீழ்ப்படியில் உபதேசியார், அவருக்குத் தாய்மொழி. மேற்படியில் பட்டம் பெற்ற ஆயர், அவருக்கு ஆங்கிலம். செராம்பூர்க் கல்லூரி 1818இல் நிறுவப்பட்டு, 1827இல் டென்மார்க் அரசரிடம் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. இறையியல் இளநிலைப் பட்டத்தை அது முதன்முதலில் வழங்கியது 1915இல். 1918ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் செராம்பூர் ஆட்சிப் பேரவை பல கல்லூரிகளின் தேர்வுகளை ஒழுங்குபடுத்தியது. பட்டம் வந்தபின் மேற்படியின் மதிப்பு இன்னும் கூடியது. கிராமத்துக் கூரைக் கோவிலில் ஞாயிறுதோறும் பிரசங்கித்தவரோ பெரும்பாலும் கீழ்ப்படியைச் சேர்ந்தவர்.

இந்த இடைவெளியைத் தம் வாழ்வாலேயே உணர்த்தியவர் எல்.பி. லார்சன். டென்மார்க்கைச் சேர்ந்த அவர் 1889இல் டேனிஷ் மிஷன் சங்கத்தின் வழியாகத் தமிழகம் வந்தார். சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. பணியில் கல்லூரி மாணவர்களோடு பழகினார். பிறகு பெங்களூர்க் கல்லூரியில் சேர்ந்து, 1911 முதல் 1924 வரை அதன் முதல்வராக இருந்தார். கல்லூரியின் அறிவு மரபை உருவாக்கிய முதல்வர் என்று அவரைச் சொல்லலாம். தாய்மொழியோ டேனிஷ், வகுப்பு நடத்தியது ஆங்கிலத்தில், அவர் ஆழக் கற்றதோ தமிழ். பதவியை விட்டபின் அவர் ஏற்ற பெரும்பணி தமிழ் வேதாகமத் திருத்தம். பல ஆண்டுகள் ஆங்கிலத்தில் இறையியல் கற்பித்தவர், எபிரேயச் சொல்லுக்கும் கிரேக்கச் சொல்லுக்கும் நிகரான தமிழ்ச் சொல்லைத் தேடி அமர்ந்தார்.

அந்த உழைப்பின் முடிவையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். லார்சனின் பணியிலிருந்து பிறந்த திருத்தம், சபைகளில் 1871ஆம் ஆண்டின் ஐக்கிய மொழிபெயர்ப்பை இடம்பெயர்க்கவில்லை. ஹென்றி பவர் தலைமையிலான குழு உருவாக்கிய அந்தப் பழைய மொழிபெயர்ப்பின் நடையை மக்கள் மனப்பாடமாக வைத்திருந்தனர். ஜெபத்திலும் சாட்சியிலும் மரண வீட்டிலும் வாயில் வந்தது அதுவே. கல்லூரியின் அறிவு சபையின் மொழிக்குத் திரும்ப முயன்றபோது, சபை தன் மொழியை ஏற்கெனவே தேர்ந்துவிட்டிருந்தது. இதைத் தோல்வி என்று மட்டும் வாசிப்பது பிழை. மொழியைப் பொறுத்தவரை இறுதித் தீர்ப்பு வகுப்பறையில் எழுதப்படுவதில்லை என்பதற்கு இது சான்று.

தீர்மானிப்பவர் யார் என்ற கேள்விக்கு நிர்வாகத்திலும் விடை மெல்லவே வந்தது. 1947 செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. பெங்களூர்க் கல்லூரிக்கு முதல் இந்திய முதல்வராக ஜே. ரஸ்ஸல் சந்திரன் பொறுப்பேற்றது 1954இல். தொடங்கி நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, நாடு விடுதலை பெற்று ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு. அவர் 1983 வரை முதல்வராக இருந்தார். இடையில் பி.டி. தேவநந்தன் போன்ற இந்திய ஆசிரியர்கள் அங்குச் சமயங்களின் உறவைப் பற்றிக் கற்பித்துச் சிந்தித்திருந்தனர். கல்லூரிக்கு வெளியிலோ, சென்னையில் செஞ்சையா, சக்கரை போன்ற வழக்கறிஞர்களும் அவர்களின் தோழர்களும் 1938இல் இந்தியாவில் கிறித்தவத்தை மறுசிந்தனை செய்யும் ஒரு நூலையே வெளியிட்டுவிட்டனர். இறையியல் பட்டதாரிகளுக்கு மட்டும் உரியதன்று என்பதை அவர்கள் செய்தே காட்டினர்.

மதுரை அரசரடியில் 1969இல் தமிழ்நாடு இறையியல் கல்லூரி தோன்றியபோது மொழிக் கேள்விக்கு வேறொரு விடை கிடைத்தது. தென்னிந்தியத் திருச்சபையும் தமிழ் லுத்தரன் திருச்சபைகளும் சேர்ந்து எழுப்பிய அக்கல்லூரியில் பட்ட நிலைக் கல்வியே தமிழில் நடந்தது. தமிழ் கீழ்ப்படியின் மொழி என்ற பழைய பிரிவினை அங்கு உடைந்தது. மாணவர்கள் வளாகத்தை விட்டு வெளியேறி எளிய மக்கள் நடுவே தங்கிக் கற்கும் காலமும் பயிற்சியில் இடம்பெற்றது. இம்முறை தமிழைத் தேர்ந்தவர் கடல் கடந்து வந்த செயலர் அல்லர். தமிழ்ச் சபைகளே தேர்ந்தன. வட்டுக்கோட்டையில் 1855இல் தமிழ் கதவடைப்பாக வந்தது. அரசரடியில் அதே தமிழ் உரிமையாக வந்தது. மொழி ஒன்றே, முடிவெடுத்த கைகள் வேறு.

அதோடும் கேள்வி ஓயவில்லை. தமிழ் என்றால் எந்தத் தமிழ்? அரசரடியில் ஆசிரியராக இருந்த தியோஃபிலஸ் அப்பாவு, பரட்டை என்ற பெயரில் அறியப்பட்டவர், இதை இசையின் வழியாகக் கேட்டார். கீர்த்தனையின் கருநாடக இசையும் அதன் செம்மொழி நடையும் தலித் கிராமத்துச் சபையின் குரலாகுமா என்பது அவர் எழுப்பிய வினா. நாட்டுப்புற இசையிலும் பேச்சுத் தமிழிலும் வழிபாட்டை அமைத்து அவரே விடையும் தந்தார். வகுப்பறைத் தமிழுக்கும் சேரித் தமிழுக்கும் இடையிலுள்ள தூரம், ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் இடையிலுள்ள தூரத்தைவிடச் சிறியதன்று என்பதை அவர் பணி உணர்த்துகிறது.

இதனால் ஆங்கிலவழிக் கல்லூரி பயனற்றது என்ற முடிவுக்கு வருவது எளிது. அந்த எளிமையைத் தடுக்கும் சான்றும் பெங்களூரிலேயே உள்ளது. 1981இல் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஓர் உரை நிகழ்த்தினார். சூத்திர இறையியலை நோக்கி என்பது அதன் பொருள். இந்திய இறையியல் என்று அதுவரை பேசப்பட்டது பெரும்பாலும் உயர்சாதிச் சிந்தனை மரபோடு நடந்த உரையாடலே என்றும், சபையில் பெரும்பான்மையினரான ஒடுக்கப்பட்டோரின் துயரம் அதில் இடம்பெறவில்லை என்றும் சுட்டியது அவருடைய சிந்தனை. தலித் இறையியலின் தொடக்கங்களுள் ஒன்றாக அந்த உரை இன்றும் நினைக்கப்படுகிறது. மராத்தியத்திலிருந்து வந்தவரின் குரல் தமிழருக்கும் தெலுங்கருக்கும் கன்னடருக்கும் ஒருசேர எட்டியதற்கு, 1910இல் தேர்ந்த அந்தப் பொதுமொழியும் ஒரு காரணம். கதவை மூடிய மொழி, சில வேளைகளில் கதவைத் திறக்கவும் செய்தது.

பெந்தெகொஸ்தே மரபின் கல்லூரிகள் இன்னொரு பாதையில் வளர்ந்தன. அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபையினர் 1927இல் கேரளத்தில் தொடங்கிய வேதாகமப் பள்ளி, பின்னர் புனலூரில் பெத்தேல் வேதாகமக் கல்லூரியாக நிலைத்தது. அதே சபையின் தென்னாசிய வேதாகமக் கல்லூரி 1951இல் பெங்களூரில் தோன்றியது. 1970இல் அமைந்த ஆசிய இறையியல் சங்கம், செராம்பூருக்கு வெளியே இயங்கும் கல்லூரிகளுக்கு ஓர் அங்கீகார வழியைத் தந்தது. பட்டத்தைவிட அழைப்பையும், ஆண்டுக்கணக்கான படிப்பைவிடக் களப்பணியையும் முதன்மையாகக் கொண்டு எழுந்த மரபு இது. ஆயினும் கல்லூரி வளர வளர அங்கும் அதே ஏணி எழுவதைக் காணலாம். சான்றிதழ் நிலை தாய்மொழியில், பட்ட நிலை ஆங்கிலத்தில். வட்டுக்கோட்டையும் பசுமலையும் சந்தித்த பழைய படிகள் புதிய பெயர்ப்பலகையின் கீழ் மீண்டும் தோன்றுகின்றன.

இந்த நீண்ட வரலாற்றை ஹெப்பகோடி போன்ற இடத்திலிருந்து திரும்பிப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. ஒரு வேதாகமக் கல்லூரியின் வளர்ச்சியைச் சதுர அடியிலோ பட்டதாரிகளின் எண்ணிக்கையிலோ மட்டும் அளக்க இயலாது. அதன் வகுப்பறையில் பேசப்படும் மொழிக்கும், அது ஊழியரை அனுப்பும் சபையின் மொழிக்கும் இடையே உள்ள தூரம் ஆண்டுதோறும் குறைகிறதா, கூடுகிறதா என்பதும் ஓர் அளவுகோல். அந்தத் தூரத்தைப் பற்றி முடிவெடுக்கும் மேசையில் மாணவருக்கும் சபையாருக்கும் இடமுண்டா என்பது அதனினும் முக்கியமான அளவுகோல். ஆலைப் பணி முடித்து மாலை வகுப்புக்கு வரும் ஒருவருக்கு ஆங்கிலம் தேவைப்படலாம், தமிழோ கன்னடமோ தேவைப்படலாம், இரண்டும் தேவைப்படலாம். அவரைக் கேட்காமல் அவருக்காக எடுக்கும் முடிவு, எவ்வளவு நல்லெண்ணத்தோடு எடுக்கப்பட்டாலும், 1855இன் முடிவாகவே அமையும்.

ஆய்வு மாணவர்களுக்கு இங்குச் செய்ய வேண்டிய பணி நிறைய இருக்கிறது. ஐக்கிய இறையியல் கல்லூரிக்கு ஆவணக் காப்பகம் இருக்கிறது. அதன் வரலாற்றை எழுதத் தாள்கள் உள்ளன. சிறு கல்லூரிகளின் தாள்களோ வாடகைக் கட்டடம் மாறும்போதும், நிறுவனர் மறையும்போதும், கறையான் ஏறும்போதும் அழிகின்றன. சேர்க்கைப் பதிவேட்டில் தாய்மொழி என்ற கட்டம் இருந்ததா? நிர்வாகக் குழுவின் நடவடிக்கைக் குறிப்புகள் எந்த மொழியில் எழுதப்பட்டன? வினாத்தாள் எந்த ஆண்டில் எந்த மொழிக்கு மாறியது? பகுதிநேர ஆசிரியருக்கு ஊதியம் எவ்வளவு, அதைத் தந்தது உள்ளூர்ச் சபையா, வெளிநாட்டு நண்பரா? வெள்ளிவிழா மலர் விட்டுவிடும் வரலாறு இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது.

எல்லாவற்றினும் மேலாகப் பாதுகாக்கப்பட வேண்டியவை மாணவர்களின் பாடக் குறிப்பேடுகள். பட்டமளிப்பு முடிந்ததும் பழைய தாள் கடைக்குப் போகும் பொருள்கள் அவை. ஆசிரியர் ஆங்கிலத்தில் சொன்னதைப் பாதி ஆங்கிலத்திலும் பாதித் தமிழிலும் எழுதி, புரியாத சொல்லின் ஓரத்தில் தமக்குத் தெரிந்த ஒரு தமிழ்ச் சொல்லைப் பென்சிலால் குறித்துவைத்த மாணவர் ஒவ்வொரு வகுப்பிலும் இருந்திருப்பார். லார்சன் பல்லாண்டு அமர்ந்து செய்த பணியை அந்த மாணவரும் தம் அளவில், மறுநாள் பிரசங்கத்துக்காக, ஒரே இரவில் செய்திருக்கிறார். அத்தகைய ஒரு குறிப்பேடு எவர் வீட்டிலேனும் இருக்குமானால், அதை எடைக்குப் போடாமல் ஒரு நூலகத்திடம் ஒப்படைப்பது அந்தக் கல்லூரிக்குச் செய்யும் சிறந்த நூற்றாண்டுப் பரிசாக இருக்கும்.